ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டுவதா, காலியாக மாட்டுவதா: ஒரு ஜெனரேட்டர் சர்வீஸ் பதிவு

பல்லடம் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் மின்சாரம் நின்றால் ஆலையை ஓட்டும் ஜெனரேட்டரைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதில் இருப்பது ஆறு சிலிண்டர்களும் 5.9 லிட்டர் கொள்ளளவும் கொண்ட கம்மின்ஸ் 6பிடி எஞ்சின். 250 மணி நேர ஓட்டம் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட வேண்டும். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஃபில்டரைக் கையில் எடுத்ததும், கூட இருக்கும் ஃபிட்டர்கள் ஒவ்வொரு தடவையும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஃபில்டருக்குள் புது ஆயிலை ஊற்றி நிரப்பி மாட்டினால்தான் பேரிங் தப்பிக்கும் என்பது ஒரு கட்சி. காலியாக மாட்டினால்தான் பேரிங் தப்பிக்கும் என்பது இன்னொன்று.

இரண்டு கட்சிக்குமே தயாரிப்பாளரின் ஆதரவு உண்டு. கம்மின்ஸ் பி வரிசைக் கையேடு ஃபில்டரைச் சுத்தமான ஆயிலால் நிரப்பி மாட்டச் சொல்கிறது. காலி ஃபில்டர் நிறையும் வரை எஞ்சினுக்கு ஆயில் போகாமல் தாமதமாவது கெடுதல் என்பது அது தரும் காரணம். கேட்டர்பில்லர் எஞ்சின்களின் கையேடுகளோ ஃபில்டரை நிரப்பி மாட்டாதீர்கள் என்கின்றன. அப்படி ஊற்றும் ஆயில் வடிகட்டப்படாதது, அதில் அழுக்கு இருந்தால் எஞ்சின் பாகங்கள் விரைவில் தேயும் என்பது அவற்றின் காரணம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் முரண்பாடாகத் தெரியும். ஆனால் கம்மின்ஸ் வாக்கியத்தில் 'சுத்தமான' என்றொரு சொல் இருக்கிறது. தொழிற்கூடத்தில் அந்தச் சொல்லை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. புது ஆயில் என்றாலே சுத்தமான ஆயில் என்று எடுத்துக்கொள்கிறோம். சென்ற சர்வீஸின்போது அதைத்தான் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் ஆயில் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பிலிருந்து சல்லடை வழியாக உறிஞ்சும் பம்பு, ஆயிலை ஆயில் கூலருக்கும் அங்கிருந்து ஃபில்டருக்கும் தள்ளுகிறது. ஃபில்டரின் அடித்தகட்டில் வட்டமாகச் சிறு துளைகளும், நடுவில் மரை வெட்டிய ஒரு பெரிய துளையும் இருக்கும். ஓரத்துத் துளைகளில் நுழையும் ஆயில் காகித மடிப்புகளின் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் கசிந்து, அழுக்கை வெளியிலேயே விட்டுவிட்டு, நடுத்துளை வழியாக வெளியேறும். நடுத்துளைக்கு அப்பால் வேறு வடிகட்டி எதுவும் கிடையாது. 6பிடியில், புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் ஃபில்டர் தலைப்பகுதியிலிருந்தே கிளம்புகிறது; மற்றதெல்லாம் பிரதான ஆயில் பாதை வழியாக கிராங்க் பேரிங்குகளுக்கும், கேம் ஷாஃப்டுக்கும், பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் சிறு முனைகளுக்கும் போகிறது. எனவே நடுத்துளை வழியாக ஃபில்டரை நிரப்புபவர், தாம் ஊற்றிய ஆயிலில் என்ன இருக்கிறதோ அதை நேராக டர்போவின் பேரிங்குக்கே அனுப்பிவைக்கிறார். அதே ஆயிலை எஞ்சினின் மேலே உள்ள டாப்பெட் கவரின் மூடியைத் திறந்து எஞ்சினில் ஊற்றியிருந்தால், சம்புக்கு இறங்கி, பம்பு ஏறி, ஃபில்டரைக் கடந்த பிறகுதான் அது பேரிங்கைத் தொட்டிருக்கும்.

இந்த எஞ்சினில் ஃபில்டர் வாய் மேலே பார்க்கத் தொங்குவதால் நிரப்பி மாட்டுவது எளிது, சொட்டும் சிந்தாது. சபலம் வருவதும் அதனால்தான்.

ஆயிலைச் சோதிக்க நான் செய்தது மெம்பரேன் சோதனை. 47 மில்லிமீட்டர் விட்டமும் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையும் உள்ள வெள்ளை மெம்பரேன் வட்டு, அதாவது நுண்துளைச் சவ்வு, அதைப் பிடிக்கும் கண்ணாடிப் புனல், கீழே வெற்றிடக் குடுவை, காற்றை இழுக்கக் கைப்பம்பு, கணினியில் செருகும் சிறு நுண்ணோக்கி ஆகியவையே கருவிகள். 15டபிள்யூ-40 ஆயில் கெட்டியானது என்பதால் அப்படியே வடியாது; பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைக் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும். கடைச்சரக்கான டர்பன்டைனிலேயே தூசு இருக்கும் என்பதால், அதை முன்கூட்டியே ஒரு மெம்பரேனில் வடித்து, வடித்ததை இன்னொரு மெம்பரேனில் மறுபடி வடித்து, அந்த இரண்டாவது வட்டு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆயிலைத் தொட்டேன். இந்த வெற்றுச் சோதனையைத் தவிர்த்தால் பார்ப்பது ஆயிலின் அழுக்கா, கரைப்பானின் அழுக்கா, குடுவையின் அழுக்கா என்று சொல்லவே முடியாது.

மூன்று இடங்களிலிருந்து மாதிரி எடுத்தேன். மூன்றும் ஒரே தரத்து ஆயில்.

முதலாவது, அன்றே சீல் உடைத்த 20 லிட்டர் பக்கெட். வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளிகளும், மூடியைத் திருகும்போது உதிர்ந்திருக்கக்கூடிய பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றும் இருந்தன. வெறும் கண்ணுக்கு வட்டு வெள்ளையாகவே தெரிந்தது.

இரண்டாவது, ஸ்டோரில் நிற்கும் 210 லிட்டர் டிரம்மிலிருந்து கைப்பம்பு வழியாக எடுத்தது. இதில் செம்பழுப்புத் துகள்கள் பரவலாகக் கிடந்தன. துரு என்பதில் சந்தேகமில்லை. பம்பின் குழாய் டிரம்முக்குள் எப்போதும் இறங்கியே இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள இடைவெளியைத் துணி செருகி அடைத்திருக்கிறார்கள். பகலில் தகரக் கூரையின் சூட்டில் டிரம்முக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நூற்பாலையில் அந்தக் காற்றோடு பஞ்சுத் தூசும் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும். வெளியில் நிறுத்திவைக்கும் டிரம்மாக இருந்தால், மேல்மூடியில் தேங்கிய மழைநீரையும் இதே சுவாசம் மூடியின் மரை வழியாக உறிஞ்சிவிடும். டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்றும் ஒன்பதும் இருக்கும் நிலையில், அதாவது ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு வைக்கச் சொல்வது இதைத் தடுக்கத்தான்.

மூன்றாவது மாதிரி, முதலாவதன் அதே பக்கெட் ஆயில். ஆனால் நாங்கள் வழக்கமாக ஊற்றும் தகர அளவைக் குவளையிலும் புனலிலும் ஒருமுறை ஊற்றி எடுத்தது. இந்த வட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது ஃபிட்டர்கள் இரண்டு பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். சுருண்டு பின்னிய இழைகள், அவற்றில் சிக்கிய மணற்பருக்கைகள், உலர்ந்து பிசினாகிப்போன பழைய கறுப்பு ஆயிலின் செதில்கள், பளபளக்கும் ஓர் உலோகத் துணுக்கு. இழைகளில் சில பஞ்சுக்கு உரிய முறுக்கோடு நாடாபோல் தட்டையாக இருந்தன. சிலவற்றில் சாயம் ஏறியிருந்தது. நீலமும் சிவப்புமாக இழை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. கை துடைக்கவும் குவளை துடைக்கவும் நாங்கள் பயன்படுத்துவது திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். சுத்தம் செய்கிறோம் என்று குவளையின் உட்புறத்தை அதனால் துடைத்து, துடைத்த இடத்திலேயே இழையை விட்டுவிட்டு வருகிறோம்.

ஆக, பக்கெட்டில் இருந்த ஆயிலுக்கும் ஃபில்டரில் விழும் ஆயிலுக்கும் இடையில் உள்ள இரண்டடி தூரத்தில்தான் பெரும்பாலான அழுக்கு சேர்கிறது. ஆயில் கம்பெனியைக் குறை சொல்ல இந்தச் சோதனையில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆனாலும் சீல் உடைக்காத ஆயில் முற்றிலும் தூய்மையானது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெயின் துகள் அளவைச் சொல்ல ஐஎஸ்ஓ 4406 என்ற முறை இருக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதை 18/16/13 என்பதுபோல மூன்று குறியெண்களால் அது காட்டும். முதல் எண் 18 என்றால் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் ஒரு மில்லிலிட்டரில் 1,300 முதல் 2,500 வரை. எண் ஒன்று கூடினால் துகள்கள் ஏறக்குறைய இரு மடங்காகும். ஹைட்ராலிக் எண்ணெய் வாங்குபவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். எஞ்சின் ஆயிலுக்கு அந்த வழக்கம் இல்லை. பக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் சிஐ-4 போன்ற ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரக் குறிகள் தேய்மானம், கரி, ஆக்சிகரணம் ஆகியவற்றைத் தாங்கும் திறனைப் பற்றிப் பேசுபவை. துகள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிப்பவை அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளிக்கற்றையைப் பாய்ச்சி எண்ணும் கருவிகள், நுரை அடக்கச் சேர்த்திருக்கும் சிலிக்கோன் துளிகளையும் துகள் என்றே எண்ணிவிடும். அதனால் எஞ்சின் ஆயிலுக்குக் கிடைக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. மெம்பரேனில் கண்ணால் பார்ப்பது இந்த வகையில் நேர்மையானது. என் சோதனை ஐஎஸ்ஓ எண்ணைத் தராது, ஒன்றைவிட இன்னொன்று மோசமா என்பதை மட்டும் சொல்லும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எவ்வளவு சிறிய துகள் கெடுதல் என்ற கேள்வி அடுத்து வரும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். வெறும் கண்ணால் 40 மைக்ரானுக்குக் கீழே பார்ப்பது கடினம். சுமையில் ஓடும் கிராங்க் பேரிங்கில் ஆயில் படலம் மிக மெலிந்த இடத்தில் சில மைக்ரான்களே இருக்கும், சில நேரம் அதற்கும் குறைவு. படலத்தின் தடிமனை ஒட்டிய துகள்கள்தான் இரு பரப்புகளையும் ஒருசேரக் கீறுகின்றன. அவை கண்ணுக்கே தெரியாதவை. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வொன்றின் முடிவுகள் 1988இல் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் கட்டுரையாக வெளிவந்தன. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட, 30 மைக்ரான் ஃபில்டரில் தேய்மானம் பாதியாகவும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்ததாக அது சொல்கிறது. தூசியை வேண்டுமென்றே கலந்து விரைவுபடுத்திய சோதனை என்பதால் அந்தச் சதவீதங்களை நம் எஞ்சினுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் சிறு துகள்களே தேய்மானத்தைத் தீர்மானிக்கின்றன என்ற திசையில் ஐயம் இல்லை. பார்வைக்குத் தேன்போல மின்னும் ஆயிலைக் காட்டி 'இதில் என்ன அழுக்கு' என்று கேட்பவருக்கு வேறு பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி நிரப்பி மாட்டச் சொல்லும் கட்சியின் வாதம். காலி ஃபில்டரோடு எஞ்சினைக் கிளப்பினால் பேரிங் உலர்ந்து ஓடுகிறதா? முழுக்க உலர்ந்து என்று சொல்ல முடியாது. முந்தைய ஓட்டத்தின் ஆயில் பேரிங்கில் படலமாக ஒட்டியிருக்கும். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் கேம் போன்ற உராயும் பரப்புகளில் ஏற்கெனவே ஒரு பூச்சாகப் படிந்திருக்கும். சில வினாடிகளுக்கு இவை தாங்கும். ஆனால் ஜெனரேட்டருக்கு ஒரு தனிக்குறை இருக்கிறது. லாரி எஞ்சின் கிளம்பியதும் ஐடிலில் நிற்கும். எங்கள் ஜெனரேட்டர் எஞ்சினோ கிளம்பிய உடனே நேராக நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு ஏறிவிடும். டர்போவும் கூடவே வேகமெடுக்கும். ஃபில்டரைக் காலியாக மாட்டிக் கிளப்பினால் பேனலில் உள்ள பிரஷர் மீட்டரின் முள் எழுவதற்கு நான்கைந்து வினாடிகள் ஆகின்றன. நிரப்பி மாட்டினால் அதில் பாதிகூட ஆவதில்லை. அந்த இடைவெளி முழுவதும் டர்போவின் ஷாஃப்ட் பழைய படலத்தை மட்டும் நம்பிச் சுழல்கிறது. ஆகவே கம்மின்ஸின் கவலையும் பொய்யில்லை.

இந்த இரண்டு கவலையையும் ஒருசேரத் தீர்க்கும் வழி, எரிபொருளை நிறுத்திவிட்டு எஞ்சினைச் செல்ஃப் மோட்டாரால் மட்டும் சுற்றுவது. இந்த எஞ்சினில் ஃபியூயல் சோலினாய்டுக்கு மின்சாரம் போனால்தான் டீசல் போகும். அதன் வயரைக் கழற்றிவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பற்றாது. சிலிண்டரில் எரிதல் இல்லாததால் பேரிங்கின் மேல் சுமை மிகக் குறைவு, டர்போ ஏறக்குறைய நின்றே இருக்கும். சம்பில் இருக்கும் ஆயில் பம்பு, கூலர், ஃபில்டர் என்று முறைப்படி கடந்து, வடிகட்டப்பட்ட பிறகு பேரிங்கைச் சேரும்.

செய்த முறை இது. வேலை தொடங்கும் முன், மின்சாரம் நின்றதும் எஞ்சினைத் தானாகக் கிளப்பும் ஏஎம்எஃப் பேனலை 'ஆஃப்' நிலையில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். பேனலை 'ஆட்டோ' நிலையில் விட்டுவிட்டால், கை உள்ளே இருக்கும்போது மின்சாரம் போய் எஞ்சின் தானாகக் கிளம்பிவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றும் முன் ஃபில்டர் தலைப்பகுதியைச் சுற்றியுள்ள பஞ்சையும் எண்ணெய்ச் சேற்றையும் பிரஷால் தேய்த்து, இழை உதிராத துணியால் துடைத்தேன். கழற்றிய பின் துடைத்தால் அந்தக் குப்பை நேராக நடுக்குழாய்க்குள் விழும். பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் வாஷரும் வந்துவிட்டதா என்று பார்த்தேன். தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டால் இரண்டு வாஷர் சேர்ந்து, பிரஷர் ஏறியதும் ஆயிலைக் கக்கிவிடும்.

புது ஃபில்டரின் வாயில் ஒட்டியிருந்த மூடுதாளைக் கத்தியால் குத்திக் கிழிக்காமல் முழுதாக உரித்தெடுத்தேன். கிழிந்த துணுக்கு ஒன்று நடுத்துளையில் விழுந்தால், பிஸ்டனைக் குளிர்விக்கும் சிறு முனையை அடைக்க அது ஒன்றே போதும். நடுத்துளையின் மரையில் விரலைச் சுற்றினேன். நுனியில் ஊசிபோன்ற இரும்புச் சிம்பு ஒன்று தட்டுப்பட்டது. மரை வெட்டியபோது முழுதும் பிரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சிறு இடுக்கியால் அதைப் பிடுங்கி, ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டிய பிறகுதான் மாட்ட எடுத்தேன். புது ஆயிலைச் சந்தேகித்துக்கொண்டிருந்த எனக்குப் புது ஃபில்டரையும் இனி தடவிப் பார்க்காமல் மாட்ட மனம் வராது.

வாஷரில் விரலால் ஆயில் தடவி, ஃபில்டரைக் காலியாகவே கையால் திருகி, வாஷர் தொட்டதும் மேற்கொண்டு முக்கால் சுற்று இறுக்கினேன். டாப்பெட் கவர் வழியாகப் பக்கெட்டிலிருந்து நேராக ஆயிலை ஊற்றி, டிப் ஸ்டிக்கில் மேல்கோடு வரை கொண்டுவந்தேன். சோலினாய்டு வயரைக் கழற்றி அதன் நுனியை டேப் சுற்றி ஒதுக்கினேன். பிறகு பேட்டரியை இணைத்து, பேனலை மேனுவலில் வைத்துச் சுற்றினேன். செல்ஃப் மோட்டாரை ஒரே மூச்சில் 30 வினாடிக்கு மேல் சுற்றக் கூடாது, சுற்றியபின் இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும் என்ற விதி இங்கே முக்கியம். பதினைந்து வினாடியை ஒட்டி முள் அசைந்தது. ஆறவிட்டு இன்னொரு முறை சுற்றியபோது சுற்றத் தொடங்கியதுமே முள் எழுந்து நின்றது. ஆயில் வழிகள் எல்லாம் நிறைந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். சில பேனல்கள் இந்த இடத்தில் எஞ்சின் கிளம்பவில்லை என்று அலாரம் அடிக்கும். ரீசெட் செய்தால் போதும். வயரை மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன். 1,500 சுற்றைத் தொடும் முன்பே பிரஷர் வந்துவிட்டது. சுமை ஏற்றாமல் ஐந்து நிமிடம் ஓட்டி, ஃபில்டரின் வாயில் கசிவு பார்த்து, நிறுத்தி, டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றினேன்.

எரிபொருளை எளிதில் நிறுத்த முடியாத வண்டிகளுக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே கையேடு நிரப்பச் சொன்னால் நிரப்பத்தான் வேண்டும். அப்போது நடுத்துளையைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிட்டு ஓரத்துத் துளைகளில் மட்டும் ஊற்ற வேண்டும். ஆயில் காகிதத்தின் வழியாக உள்ளே கசிய நேரமெடுக்கும். குமிழி விட்டு மட்டம் இறங்க இறங்கப் பொறுமையாக ஊற்ற வேண்டும், பதறினால் ஓரத்தில் வழியும். ஊற்றுவது சீல் உடைத்த சிறு கேனிலிருந்து நேராக இருக்கட்டும், குவளையும் புனலும் வேண்டாம். பக்கவாட்டில் படுத்திருக்கும் ஃபில்டரில் பாதி அளவுக்குத்தான் ஊற்ற முடியும். அவற்றில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு நன்றாக இருந்தால் அன்றாட ஸ்டார்ட்டில் குறையில்லை. வாய் கீழ்நோக்கி இருக்கும் ஃபில்டரில் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

ஃபில்டரே எப்போதும் எல்லா ஆயிலையும் வடிகட்டிக்கொண்டிருக்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. குளிர்ந்து கெட்டியான ஆயில் வரும்போதும், மடிப்புகள் அடைபட்டபோதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். ஆயிலே போகாததைவிட அது மேல் என்ற கணக்கு. அந்தச் சில நொடிகளைக் காட்டி, 'எப்படியும் அழுக்கு போகத்தானே போகிறது, நிரப்பினால் என்ன' என்று வாதிடுபவர்கள் உண்டு. சம்பிலுள்ள ஆயில் ஏற்கெனவே பலமுறை ஃபில்டரைக் கடந்து வந்தது, குவளை ஆயில் ஒருமுறைகூடக் கடக்காதது என்ற வேறுபாட்டை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

கழற்றிய பழைய ஃபில்டரின் தகர உறையைக் கட்டரால் வெட்டி, மடிப்புகளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் விரித்துப் பார்த்தோம். கரி எதிர்பார்த்ததுதான். பேரிங் உலோகத்தின் செதில் எதுவும் இல்லை. ஆனால் மடிப்புகளின் வெளிப்பக்கத்து இடுக்குகளில், அதே நீலமும் சிவப்புமான இழைகள் நன்றாகவே அகப்பட்டன. சம்ப் வழியாக வந்த அழுக்கை ஃபில்டர் பிடித்துவைத்திருக்கிறது. முன்பு நிரப்பி மாட்டியபோதெல்லாம் நடுத்துளை வழியே போனது எங்கே தங்கியது என்பதைப் பேரிங்கைக் கழற்றினால்தான் பார்க்க முடியும்.

ஸ்டோரில் சில மாற்றங்கள் செய்தாயிற்று. தகரக் குவளையும் புனலும் வெளியேறின. மூடியுள்ள, குழல்வாய் வைத்த பிளாஸ்டிக் கேன் ஒன்று ஆயிலுக்கென்று மட்டும், பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஃபில்டர் வேலைக்குப் பனியன் வேஸ்ட் தடை. டிரம் ஆயில் பக்கெட்டைவிட லிட்டருக்கு மலிவு என்பதால் நிர்வாகம் அதை விடாது. எனவே டிரம்மின் மூடியில் காற்று வடிகட்டும் பிரீதர் ஒன்றும், பம்புக் குழாயில் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்றும் கேட்டு இன்டென்ட் போட்டிருக்கிறேன். பிரீதர் வந்துவிட்டது. பம்புக் குழாய்க்கான ஃபில்டருக்கு மூன்று கொட்டேஷன் வேண்டுமாம்.